காக்கை பறித்த தொப்பி

ஒரு தீவில் காட்டை ஒட்டி விடுதி ஒன்று இருந்தது. அங்கே வந்தவர்களெல்லாம் தொலைநோக்கியும் கையுமாக பல வண்ணச் சிறகுள்ள ஆறுமணிக்குருவி கூடு கட்டியிருந்த புதரைச் சூழ்ந்து நின்றார்கள்.

“பிள்ளைங்க பசியில கத்துதுங்க அண்ணே. இவங்க நகர்ந்தாத்தானே நான் புழு பொறுக்க இறங்க முடியும்?” என்று குருவி அழுதது.

“நான் பார்த்துக்கிறேன் தங்கச்சி” என்றது காக்கை.

அது அவர்கள் முன்னால் தத்தியது, கரைந்தது, தலைகீழாகக்கூடத் தொங்கியது. ஒருவரும் திரும்பவில்லை. காக்கைக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டியின் தொப்பியைக் கவ்விக்கொண்டு கடற்கரைக்குப் பறந்தது. கூட்டம் மொத்தமும் பின்னாலேயே ஓடியது.

குஞ்சுகளின் வயிறு நிறைந்து குருவி சீட்டியடித்ததும், காக்கை தொப்பியைக் கீழே போட்டது.

“அடேயப்பா, என்ன காக்கை! ஒரு படம் எடுங்க!” என்றார் ஒருவர்.

காக்கை கழுத்தைச் சாய்த்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்தது. “அண்ணே, அவங்க படகேறிப் போயாச்சு” என்று குருவி வந்து சொல்லும்வரை அசையவே இல்லை.