சின்ன மாற்றம்

ஒரு கணினியில் பேருந்து நேரங்களைக் காட்டும் கோப்பும், அதன் திருத்தங்களையெல்லாம் பத்திரப்படுத்தும் கிட் என்ற கருவியும் இருந்தன.

அந்தக் கோப்பைப் பராமரிக்கும் மாசிலாமணி கறுப்புத் திரையில் கட்டளை அடித்துச் சேமிக்கும்போதெல்லாம், "என்ன மாற்றினீர்கள்?" என்று கிட் கேட்கும். "சின்ன மாற்றம்" என்றே அவர் அடிப்பார்.

ஒருநாள் கோப்பில் ஆறு மணிப் பேருந்தைக் காணோம். பழைய குறிப்புகளைப் பார்த்தார். நாற்பதும் "சின்ன மாற்றம்".

"இந்தக் கிட் எதுக்கும் லாயக்கில்லை!"

"கேட்டியா தம்பி? நாற்பது தடவை கேட்டேனே, வாயைத் திறந்தாரா?" என்று கோப்பிடம் கொதித்தது கிட்.

"விடுங்கண்ணே. பேருந்தைக் கொடுங்க, ஜனம் நிக்குது."

முப்பத்தேழாவது திருத்தத்தில் அவரே அழித்திருந்த வரியைக் கிட் எடுத்துக் கொடுத்தது. "என்ன மாற்றினீர்கள்?"

முதல் தடவையாக அவர் விவரமாக அடித்தார்: "கிட் தொலைத்த பேருந்து மீட்கப்பட்டது."

பல்லைக் கடித்துக்கொண்டு, அதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பதிந்துகொண்டது கிட்.