நாளுக்கு நூறு

"சித்தப்பா, அப்பா பிணவறைக்குப் போய் இருபது நாளாச்சு. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையா போன்ல அனுப்பினாத்தான் என்ன?" குமாசியிலிருந்து சேர்வா கேட்டாள்.

"அனுப்பினா வரி பிடிப்பான். நாளுக்கு நூறு சீடி வரைக்கும் வரி கிடையாது. அதான் நூறு நூறா அனுப்புறேன். எங்கண்ணன் சாவுல கவர்மெண்டுக்குப் பங்கு குடுக்க முடியாது" என்றார் அடோமாக்கோ.

கானாவின் தலைநகர் அக்ராவில், சந்தையில் கைவண்டி தள்ளுகிறவர். அண்ணன் செத்த அன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, பிணவறை, பெட்டி, வண்டி எல்லாம் சேர்த்து மூவாயிரம் சீடியும் என் பொறுப்பு என்று மார்தட்டிவிட்டு வந்தவர்.

சேர்வா சொல்லிப் பார்த்தாள். பிணவறைக்காரன் நாளுக்கு அறுபது ஏற்றுகிறான். வருகிற நூறில் அதுதான் முதலில் போகிறது. முப்பது சீடி வரிக்காக அப்பாவை மாசக்கணக்கில் ஐஸில் போட்டு வைப்பதா என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"முப்பதோ மூணோ, அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? அண்ணன் இருந்தா என்னை மெச்சுவான்."

பணம் அனுப்பும் கடைக்காரி எஃபுவா தினமும் சாயங்காலம் அந்த நூறை வாங்கி அனுப்பிவைப்பாள். "பெரியவரே, உங்க வீம்பைப் பார்த்து உங்கண்ணனே எழுந்து வீட்டுக்கு நடந்துடப் போறாரு" என்பாள். சந்தையே சிரிக்கும். ஆனால் மீன்காரிகள்கூட அவரைப் பார்த்து நூறு நூறாக அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கிழவனுக்கு விவரம் ஜாஸ்தி என்று பேர்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம், அவர் கடைக்கு வந்து நிற்கும்போதே போன் அடித்தது. சேர்வா குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சித்தப்பா, ரேடியோ கேட்டீங்களா? அந்த வரியையே எடுத்துட்டாங்க. இனி எவ்வளவு அனுப்பினாலும் ஒரு காசு பிடிக்க மாட்டான். நீங்க அனுப்பினதுல பிணவறைக்காரன் எடுத்தது போக இன்னும் ரெண்டாயிரம் வேணும், அதை இப்பவே போடுங்க. சனிக்கிழமை அப்பாவை எடுத்து அடக்கம் பண்ணிடலாம்."

சந்தை ரேடியோக்களிலும் அதே செய்தி. கடைக்குக் கடை கைதட்டல். மீன்காரிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எஃபுவா கையை நீட்டி, "ஜெயிச்சுட்டீங்க பெரியவரே, கொண்டாங்க மொத்தத்தையும்" என்றாள்.

அடோமாக்கோ சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு, இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி தன் வண்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பையில் இருந்தது காலையிலிருந்து வண்டி தள்ளிச் சம்பாதித்த நூறு சீடி. அதற்குமேல் அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை.