பெரிய கன்வர்ட்டர்

டென்சில் என்ற இளைஞன் இன்ஜினை மாற்றி வைத்திருந்த கார் உறுமினால் தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தின் ரயிலே பயந்து நின்றுவிடும். அதைப் புகைச் சோதனையில் தேறவைக்க, புகையை வடிகட்டும் கன்வர்ட்டர் இரண்டை எடுத்துக் காட்டினார் மெக்கானிக் மனோகர்.

"டெஸ்ட்டுக்குச் சின்னதே போதும்பா."

"பெருசு போடுங்கண்ணே."

"வேகம் கொறஞ்சிடும். வயசுப் பையன், ஷோ காட்ட வேணாமா?"

"நடக்கிற வேகத்துல போனா போதும்."

"இன்னாடா, சவ ஊர்வலமா?"

"என் கல்யாண ஊர்வலம்ணே. காருக்குப் பின்னாடியே சர்ச் வரைக்கும் நடந்துதான் வருவேன்னு மாமனார் அடம்புடிக்கிறாரு. இருபது வருஷம் சுரங்க ஷாஃப்ட்ல கல்தூசி தின்ன நெஞ்சு. புகை பட்டா மூச்சு நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மனோகர் பெரியதையே மாட்டினார். சோதனைக்கு அனுப்புமுன் இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தனக்கு இருமல் வருகிறதா என்று பார்த்தார்.