போனவர்கள் நாற்பத்தாறு பேர்

“இந்த வாரம் எத்தனை பேர் போயிட்டான்?”

“நாப்பத்தாறு பேரு, மொதலாளி.”

ஆறுமுகசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். “போன வாரம் முப்பத்தொம்பது. அதுக்கு முந்தின வாரம் முப்பது. இப்படியே போனா ஐப்பசிக்குள்ள ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்.”

இது செத்துப்போனவர்களின் கணக்கு இல்லை. மறையூரில் அவருடைய கரும்பாலையைப் பார்க்க வந்து, பிறகு மெயில் பட்டியலிலிருந்து பேரை வெட்டிக்கொண்ட சுற்றுலாக்காரர்களின் கணக்கு.

மூணாறிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கொப்பரையில் பாகு கொதிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். இலையில் சூடாக வாங்கி நக்குவார்கள். ஆனால் அதற்கு முன்னால் நோட்டில் பேரும் மெயில் முகவரியும் எழுதியாக வேண்டும். எழுதாதவனுக்குப் பாகு கிடையாது, அவன் கலெக்டராகவே இருந்தாலும் சரி. இப்படி நாலு வருஷத்தில் மூவாயிரம் பேரைச் சேர்த்திருந்தார்.

வாரா வாரம் வெல்லம் உருட்டி முடிந்ததும், அதை வாங்கச் சொல்லி அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் போகும். ஆறுமுகசாமி வாயால் சொல்லுவார். ஆலையில் எழுத்து வேலை பார்க்கும் சிவசங்கரி அதை லேப்டாப்பில் மலையாளத்தில் அடித்து அனுப்புவாள். மலையாளத்தில் சண்டை போடுகிற அளவுக்கு அவருக்குப் பேச வரும். ஓர் எழுத்தும் படிக்க வராது.

உலகத்தில் யாரையும் நம்பாத மனுஷனுக்கு அவளுடைய வேகத்தின்மேல் மட்டும் ஒரு மதிப்பு உண்டு. அவர் கால் மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னதை அவள் இரண்டே நிமிஷத்தில் அடித்து முடித்துவிடுவாள்.

இன்றைக்கு அந்த மதிப்பும் போயிருந்தது. கொட்டகையில் எழுநூறு கிலோ வெல்லம் விற்காமல் கிடக்கிறது. மழை இறங்கினால் கசிந்து ஒழுகிவிடும்.

“நெசத்தைச் சொல்லு. என் ஆளுகளை பஸ் ஸ்டாண்டு வெல்லக்கடை வேல்முருகனுக்கு வித்துட்டேதானே?”

“வாய்க்கு வந்ததைப் பேசாதீக. தப்பு முகவரின்னு திரும்பி வர்றதை மட்டுந்தான் நான் எடுக்குறேன். மத்தவுகளெல்லாம் அவுகளா பட்டனை அமுக்கிட்டுப் போறாக. நான் போயி கையைப் பிடிக்கவா முடியும்?”

“இத்தனை நாளா இருந்தவன் இப்ப எதுக்குப் போறான்?”

“எனக்கென்ன தெரியும்?”

“தெரியாதுல்ல? அப்ப இதான் கடைசிக் கடுதாசி. இதுக்கும் சரக்கு நகரலேன்னா நாளையில இருந்து நீ வர வேண்டாம். உக்காரு.”

சிவசங்கரியின் முகம் கறுத்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இந்தச் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள். லேப்டாப்பைப் படாரென்று திறந்தாள்.

“சொல்லுங்க.”

“பாகு நக்கிட்டுப் போன பயலுகளா!” என்று ஆரம்பித்தார் ஆறுமுகசாமி. “மூணு தரம் கையை நீட்டி வாங்கி நக்குனீகல்ல, அப்ப ருசியா இருந்துச்சுல்ல? எங்க ஆளு நெருப்புல வெந்துக்கிட்டு நிக்கிறான், அவனை ஓரமா நவுருன்னு சொல்லிட்டு நின்னு போட்டோ புடிச்சீக. ஊருக்குப் போயி எவன் காய்ச்சுனதோ, எதைப் போட்டுக் காய்ச்சுனதோ, அதை வாங்கித் திங்கிறீக. வெக்கமா இல்ல? எழுநூறு கிலோ கெடக்கு. வேணும்னா வாங்கு. வேணாம்னா பேரை வெட்டிட்டு ஓடிப்போ. வாங்கவும் மாட்டாம, போகவும் மாட்டாம, மரக்கட்டை மாதிரி என் நோட்டுல கெடக்காதே!”

சிவசங்கரி அடித்தாள். விசைகள் பெயர்ந்து வந்துவிடும்போல அடித்தாள். அவர் சொல்லி முடித்து, வெற்றிலை போட்டு, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள்.

வேலை போகப் போகிறதென்றதும் வேகம் குறைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கொட்டகைக்குள் நுழையும்போதே போன் அலறிக்கொண்டிருந்தது. சிவசங்கரி அதை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, பாகு நோட்டின் பின்பக்கத்தில் பேர் பேராக எழுதிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை பேர் போயிட்டான்?”

“ரெண்டு பேரு.”

“இருநூறா?”

“ரெண்டு, மொதலாளி. எழுநூறு கிலோவும் பத்தாது. எறணாகுளத்து அம்மா ஒருத்தர் எழுதியிருக்காக: ‘மூணு தரம் இல்ல, நாலு தரம் நக்கினேன். வெக்கமாத்தான் இருக்கு. அஞ்சு கிலோ அனுப்புங்க.’ திருச்சூர்க்காரர் ஒருத்தர் போட்டோ புடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டு, பத்து கிலோ கேக்குறாரு.”

வேறொருவராக இருந்தால் சிரித்திருப்பார். ஆறுமுகசாமிக்கு நேற்றைவிடக் கோபம் தலைக்கேறியது.

“நாலு வருசமா வாரந்தவறாம இதே ஏச்சைத்தானே புள்ள ஏசுறேன்! அப்பல்லாம் அசையாத பயலுக இப்ப மட்டும் எப்படி அசைஞ்சானுக? இதுல என்னமோ சூது இருக்கு. என்ன பண்ணுனே, சொல்லு!”

சிவசங்கரி போனை மேசைமேல் ஓங்கி வைத்தாள். அவளுக்கும் நேற்றைய கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

“நேத்துத்தான் மொதலாளி, நீங்க சொன்னதை அப்படியே அனுப்புனேன்.”