கோட்டில் ஒட்டிய வாடை

வின்னிபெக்கில் புத்தாண்டு விருந்துக்குப் போய்வந்ததிலிருந்தே ஹன்னாவின் ரோமக் கோட்டில் பழைய புகையிலை மாதிரி ஒரு மக்கல் வாடை.

"வந்தவங்க கோட்டெல்லாம் ஒரே கட்டில்ல குவிச்சா இப்படித்தான். எவளோடதுலேருந்தோ தொத்திக்கிச்சு," என்று சிரித்தார் கணவர் பெட்ரோ.

"நீங்க சிரிப்பீங்க. தேவாலயத்துல என் பக்கத்துல ஒருத்தரும் உட்காரல."

ஹன்னா விடவில்லை. பத்து நாள் பின்வாசல் குளிரில் காற்றாடத் தொங்கவிட்டாள். அப்புறம் காப்பித்தூளோடு பையில் போட்டு இறுக்கிக் கட்டினாள், இரண்டு வாரம். இன்று பிரித்து முகர்ந்தாள். வாடை போயே போச்சு!

தொலைபேசி அடித்தது. மூன்றாம் வீட்டு விதவை நதால்கா.

"ஹன்னா, கோவிச்சுக்காதேடி. விருந்தன்னிக்கு உன் கோட்டை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டும் ஒரே கடை, ஒரே கறுப்பு. கொண்டாந்ததும் அலமாரியில பூட்டிட்டேன். இன்னிக்குத் திறந்தா, கோட்டுப் பைக்குள்ள உன் கையுறை."

"அப்ப... இங்க இருக்கிறது?"

"என்னோடது. தராஸ் செத்ததிலேருந்து அவர் துணியோட சேர்த்தே வெச்சிருந்தேன். துணியையெல்லாம் தானம் குடுத்தாச்சு, அவரோட சுருட்டு வாடை அதுல மட்டும்தான்டி மிச்சம். வெளியில தொங்கவிட்டுடாதே, என்ன?"

ஹன்னா கோட்டில் முகத்தைப் புதைத்து மூச்சை ஆழ இழுத்தாள்.

காப்பி மணந்தது.