முக்கால் வீடு

"ஆடிட்டர் சார், நீங்களாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

வாசல்லயே மடக்கினாங்க, அந்த வீட்டுல வாடகைக்கு இருக்கற நர்ஸம்மா. டியூட்டி முடிஞ்சு வந்த களைப்பு முகத்துல அப்படியே இருந்துச்சு.

"பொண்ணோட ஹாஸ்டலை நாளைக்கு மூடறாங்க. பத்தே பத்து நாள் என்கூட வெச்சுக்கணும். அவளுக்கு வேற போக்கிடம் இல்ல சார். வீட்டுக்கார சார்கிட்ட கேக்கத்தான் பயமா இருக்கு."

"இதுக்கெல்லாமா பயப்படுவாங்க? நான் இருக்கேன், தைரியமா கேளுங்கம்மா"ன்னு பெரிய இவனாட்டம் சொல்லிட்டு உள்ள போனேன். அவங்க பக்கத்துச் சந்து வழியா பின்பக்கம் இருக்கற தன் ரூமுக்குப் போனாங்க.

வீட்டுக்காரர் ரிடையர்டு பேங்க் மேனேஜர். வீட்டுல எத்தனை பங்கை வாடகைக்கு விட்டிருக்காரோ, கார்ப்பரேஷன் வீட்டு வரியிலயும் வீட்டுக்கடன் வட்டியிலயும் அத்தனை பங்கை வரிக்கணக்குல கழிச்சுக்கலாம். அதை அளக்கத்தான் டேப்போட போயிருந்தேன்.

"அந்தம்மாவுக்கு ஒரு ரூம்தானே சார்?"

"ரூம் மட்டுமா? சமையல்கட்டு, ஹால், பால்கனி, மொட்டைமாடி, எல்லாம் அவங்களும்தான் புழங்கறாங்க. நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எதுக்கு இவ்ளோ வீடு? முக்கால் பங்குன்னு போடுங்க."

அடடா, என்ன மனசுய்யா இந்த மனுஷனுக்கு! எங்க வீட்டு ஓனர், மொட்டைமாடியில துணி காயப்போட்டாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அளந்தேன், படம் போட்டேன், முக்கால்னு எழுதினேன். வாடகைக்கு இருக்கறவங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நர்ஸம்மாவைக் கூப்பிட்டோம். கேளுங்கன்னு கண்ணைக் காட்டினேன். தயங்கித் தயங்கிக் கேட்டாங்க.

மேனேஜர் முகம் சுருங்கிடுச்சு. "ரெண்டு பேரா? பத்துக்குப் பத்து ரூம்மா அது. இன்னொரு ஆளுக்கு இடம் எங்க இருக்கு?"

நான் குறுக்க விழுந்தேன். "பொண்ணு ஹால்ல படுத்துக்கட்டுமே சார். இப்பத்தானே முக்கால் வீடு..."

"யோவ், அது ஃபாரத்துக்குச் சொன்னதுய்யா! கண்டவங்களையும் வீட்டுக்குள்ள விடுவாங்களா?" நர்ஸம்மா பக்கம் திரும்பினார். "இதுல கையெழுத்துப் போடும்மா. இஷ்டம் இல்லேன்னா மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா கணக்குப் பாக்கச் சொல்லி இவர் எங்கிட்ட அனுப்பி வச்ச பார்ட்டிங்க எட்டுப் பேர் ஞாபகத்துக்கு வந்தாங்க. ஃபாரத்தையும் படத்தையும் நீட்டினேன்.

நர்ஸம்மா நான் போட்ட படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"மூணு வருஷமா இருக்கேன். சமையல்கட்டு இவ்ளோ பெருசுன்னு இன்னிக்குத்தான் சார் தெரியுது."

கையெழுத்துப் போட்டாங்க.

அதுக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.