சாவுக் குரல்

"அண்ணே, இன்னும் ரெண்டு சாவு பாக்கி. தண்ணியக் குடிச்சுட்டு வந்து செத்துடுங்க" என்றான் ஒலிப்பதிவுக்காரன், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

நடிகர் வெந்நீரை மடக்மடக்கென்று குடித்தார். ஒரு காலத்தில் மேடையில் ராஜா வேடம் கட்டியவர். பிறகு குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் கரடிக்குக் குரல் கொடுத்தார். தொடர் நின்றுபோனதும், வயிற்றுப்பாட்டுக்காக வீடியோ கேம்களில் செத்துக்கொண்டிருக்கிறார். குண்டடி பட்டு, கத்திக்குத்து வாங்கி, மாடியிலிருந்து விழுந்து என்று எப்படிக் கேட்டாலும் சாவார். ஸ்டுடியோவில் அவருக்கு 'சாவுராஜா' என்று பெயர்.

வீட்டுக்கு இது தெரியாது. வீட்டைப் பொறுத்தவரை அவர் இன்னும் கரடிதான்.

மிச்சமிருந்த இரண்டையும் செத்து முடித்தார். அலறலுக்கு முன்னால் மூச்சை இழுக்கும்போது நடுவில் லேசாகத் தடுக்கும், விக்கல் வந்து பாதியில் திரும்பிப் போனதுபோல. ஒலிப்பதிவுக்காரன் வழக்கம்போல அதை வெட்டப் பார்த்தான்.

"அதுல கை வைக்காதே தம்பி. பயந்தவன் மூச்சு அப்படித்தான் வரும். அதுதான் என் முத்திரை" என்றார் அவர். பெயர் போடாத தொழிலில் அந்த ஒரு கர்வத்தையாவது அவர் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவன் கைப்பேசியில் வந்திருந்த செய்தியைக் காட்டினான். வன்முறை கேம்களைத் தடை செய்யலாமா என்று அரசாங்கக் குழு நாளைக்கு விசாரிக்கிறது. தடை வந்தால் ஸ்டுடியோவை இழுத்து மூட வேண்டியதுதான் என்று புலம்பியவன், படத்திலிருந்த பெற்றோர் சங்கத் தலைவியைப் பார்த்து, இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிந்து விழுந்தான். நடிகர் மிச்சமிருந்த வெந்நீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அந்த அம்மா அவருடைய மனைவி.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம். மனைவி நாளைய பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தாள். பதினைந்து வயது மகள் தன் அறையில் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கேம் ஆடிக்கொண்டிருந்தாள். டப்டப்பென்று சுடும் சத்தம். நடுவில், "விட்டுடு, என்னை விட்டுடு" என்று ஒருவன் கதறிச் சாகும் சத்தம்.

எதற்கும் இருக்கட்டும் என்று நடிகர் பலமாக இருமி வைத்தார்.

அந்தக் கதறலைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பதாகவும், குழுவின் முன்னால் அதைப் போட்டுக் காட்டினால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது என்றும் மனைவி சொன்னாள். அது அவர் செத்த சாவு. விசாரணைக்கு ஸ்டுடியோக்காரர்களும் வருவார்கள். ஒருவன் 'இது நம்ம சாவுராஜா' என்று சொல்லிவிட்டால் போதும். இவருக்குப் பிழைப்பு போகும், அவளுக்கு ஊர் முன்னால் மானம் போகும். புருஷனை அடக்கத் துப்பில்லை, ஊரைத் திருத்த வந்துவிட்டாள் என்பார்கள்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தார். அதற்குள் அவள், "ஏங்க, இந்த இடத்துல நிறுத்திப் பேசணுமா, இல்ல சேர்த்தா?" என்று கேட்டாள். தன் பிழைப்பில் மண் போடும் பேச்சுக்கு ஏற்ற இறக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

மறுநாள் விசாரணைக் கூடத்தின் கடைசி வரிசையில், முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார். மனைவி நன்றாகப் பேசினாள். அவர் சொல்லிக் கொடுத்த இடங்களில் நிறுத்தினாள். ஒலிப்பதிவு இருக்கிறதாமே, போடுங்கள் என்றார் குழுத் தலைவர். அவள் கைப்பேசியைக் கையில் எடுத்தாள். நடிகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

எந்தச் சத்தமும் வரவில்லை.

"வேண்டாங்க. தடையும் வேண்டாம். இந்தத் தொழில நம்பியும் குடும்பங்க இருக்கு. பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க கைல மட்டும் கொடுக்காம பாத்துக்குங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். தப்பித்தோம் என்ற நிம்மதி அவருக்கு ஒரு பக்கம். அவள் தோற்றுப்போனாளே என்ற வருத்தம் இன்னொரு பக்கம். நிழற்குடையின் கீழே வந்ததும் கேட்டே விட்டார்.

"அதப் போட்டிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே. ஏன் போடல?"

அவள் பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரில கெட்ட கனவு கண்டா, நீங்க மூச்ச இழுக்கறப்ப நடுவுல ஒரு தடுக்கல் வரும். எத்தனை தடவை தட்டி எழுப்பியிருக்கேன். போடணும்னுதான் கொண்டு போனேன், அந்த மூச்ச ஊர் முன்னால போட்டுக் காட்ட மனசு வரல" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சங்கத்தையே நான் எதுக்கு ஆரம்பிச்சேன்னு நினைச்சீங்க? நம்ம பொண்ணு தினமும் யாருன்னு தெரியாம உங்களைக் கொன்னுக்கிட்டு இருக்கா. அடுப்படில நின்னு அதக் கேக்க என்னால முடியலைங்க."